இரு மழைகளுக்கிடையே ஒரு தோட்டம்

வடக்கிலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்து, பேஸ்லைன் வீதிக்கும் தெமட்டகொடைக் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஏதோவோர் ஒழுங்கையில் கைப்பிடியளவு வளவோடு கூடிய வீடொன்றைப் பெற்றுக்கொண்ட குடும்பத்தார், ஊரிலே பழகிய செடிகளை இங்கும் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் செடிகளோடு ஊர்ப் பஞ்சாங்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவதுதான் விபரீதத்துக்கு வித்தாகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான ஒரே பருவத்தில் பெய்து தீர்ந்துவிடும். கொழும்பிலோ ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். அதுவும் வைகாசியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் மறு தடவை என இரு முறை உச்சத்தை எட்டுகிறது. ஊரில் ஒரு சொட்டு நீரின்றிக் கோடை முழுவதையும் தாக்குப்பிடித்த ஆவாரை, இங்கே வைகாசி முடிவதற்குள் வேரழுகிச் சாய்வதன் காரணம் இதுவேயன்றி வேறில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நீர் பாய்ச்சுவதைப் பற்றிய பேச்சுச் சொற்பமாகவும், நீரை வடிப்பதைப் பற்றிய பேச்சு அதிகமாகவும் இருக்கும்.

சுதேசச் செடி என்று நாம் இங்கே கொள்வது, இத்தீவிலும் இதை அடுத்த தென்னிந்தியாவிலும் மனித யத்தனமின்றித் தானாகவே வளர்ந்துவருவதை. செவ்வரத்தை, போகன்விலா, நித்தியகல்யாணி, வேலிக்கு நடும் சீமைக்கிளுவை ஆகிய யாவும் பிற தேசத்தவை. அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது என் கட்சியன்று, ஆனால் இந்த அத்தியாயத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஒரு செடி இத்தீவுக்குரியதா என்ற ஐயம் எழுமாயின், பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் 1893ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட இலங்கைத் தாவரக் கையேட்டைப் பாருங்கள். தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் கூடவே குறித்திருக்கும் அந்நூல் இன்றும் உபயோகமுள்ளது.

வருஷத்தின் ஓட்டம்

பங்குனி, சித்திரையில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையுமாகப் பொழுது கழியும். வைகாசியில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கும். அதன் முதல் அடி கடுமையானது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மழை தணிந்து தூறலாகும், வானம் மூடியிருக்கும், காற்று மட்டும் பலமாக வீசும். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை இரண்டாம் பெருமழை. மார்கழியில் அது தளர, தையும் மாசியும் வரண்ட காலம். எனினும் அம்மாதங்களிலும் மழை அடியோடு ஒழிந்துவிடுவதில்லை.

இந்த ஓட்டத்தை வைத்துப் பார்க்கையில், வைரம் பாயும் செடிகளையும் மரக்கன்றுகளையும் நிலத்தில் நடுவதற்கு ஆனிப் பிற்பகுதியும் ஆடியுமே உத்தமமான காலம் என்பது என் தீர்மானம். மழை பிடித்தவுடனே, அதாவது சித்திரைக் கடைசியில், நடவேண்டுமென்று சொல்வோர் பலருண்டு. மேட்டு நிலத்துக்கு அது பொருந்தலாம். தாழ்ந்த நிலத்திலோ, புதிதாகக் கிண்டிய குழி வைகாசி மழைக்குக் கிணறாகிவிடுகிறது. ஆடியில் நட்ட கன்றுக்கு ஐப்பசி வரை மூன்று மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் வேர் பரவிவிட்டால் இரண்டாம் மழை அதற்குப் பகையாகாது, தை மாத வெயிலும் அதை வாட்டாது.

முதல் வேலை: நிலத்தைச் சோதித்தல்

தெமட்டகொடைக் கால்வாயை அண்டிய பகுதிகளில் பல, முன்பு சதுப்பாயிருந்து பின்னர் மண் கொட்டி நிரப்பப்பட்டவை. மேலே அரையடிக்குச் செம்மண், அதன்கீழ் உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி, பொலித்தீன் கிழிசல், அதற்கும்கீழ் கரிய களி என்று அடுக்கடுக்காக வருவதைக் கிண்டிப் பார்த்தவர் அறிவர். மேற்பரப்பின் நிறத்தைக் கண்டு ஏமாறாமல் பின்வருமாறு செய்க.

1. வளவின் தாழ்ந்த மூலையிலும் உயர்ந்த மூலையிலும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள குழி ஒவ்வொன்று தோண்டுங்கள். அலவாங்கை ஓங்கிக் குத்துமுன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியை விசாரித்துக்கொள்ளுங்கள்.
2. கிண்டிய மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டையின் நெடி வீசினால், அந்த ஆழத்துக்குக் காற்றுப் புகுவதில்லை என்பது நிச்சயம்.
3. குழியை நீரால் நிரப்பி முற்றாக வற்றவிடுங்கள். பின்னர் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் அடையாளமிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. நாலைந்து மணி நேரத்தில் குழி வற்றினால் அங்கே எதையும் நடலாம். மறுநாட் காலையில்தான் வற்றியது என்றால் மேடையிட்டு நடவேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அந்த மூலையைச் சதுப்புச் செடிகளுக்கென்று விட்டுவிடுங்கள். அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

வரண்ட மாசியில் இச்சோதனையைச் செய்துவிட்டுத் திருப்தியடைவது பொதுவான தவறு. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் ஆனித் தொடக்கத்தில் மறுபடியும் செய்து பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

மேடை அமைப்பதற்குக் கபுக் கல்லோ பழைய செங்கல்லோ சுற்றிவர அடுக்கி, ஒன்றேகால் அடி உயரத்துக்கு மண் நிரப்பினாற் போதும். அடியைச் சீமெந்தால் பூசிவிடாதீர்கள். வேரும் நீரும் கீழே இறங்க வழி வேண்டும். மேடையை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் சுவர் ஈரம் குடிக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

எந்த இடத்துக்கு எந்தச் செடி

மேட்டுப் பாங்கான இடத்துக்கு முதலில் நான் சிபாரிசு செய்வது வெட்சி. சிங்களத்தில் ரத்மல் எனப்படும் இதன் செந்நிறக் கொத்துகளை நாடித் தேன்சிட்டு நாள்தோறும் வரும். ஆனி மாதத்தில் அரை முற்றலான கிளையை ஆறு அங்குல நீளத்துக்கு வெட்டி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆனால் வெட்சிக்குச் சுண்ணாம்பு ஆகாது. மதிலோரமாக வரிசையாக நட்ட வெட்சியில், நரம்பு மாத்திரம் பசுமையாயிருக்க இலைப்பரப்பு மஞ்சளாக வெளிறிப்போயிருப்பதைக் கொழும்பில் எத்தனையோ வளவுகளில் காணலாம். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவார்கள். மதிற் பூச்சிலிருந்து கரைந்து இறங்கும் சுண்ணாம்பு, மண்ணிலுள்ள இரும்புச் சத்தைச் செடிக்கு எட்டாமற் செய்வதே அங்கு நிகழும் காரியம். மதிலிலிருந்து மூன்றடி தள்ளி நட்டு, அடியில் கூட்டெருவும் சருகும் இட்டு வந்தால் நோய் தானே தீரும்.

கறிவேப்பிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று எளிது, விதையென்றால் கனிந்த பழத்தின் சதையைக் கழுவிய அன்றே ஊன்றவேண்டும், காயவைத்தால் முளைக்காது. மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இதன் இளந்தளிரில் பறவை எச்சம்போலக் கபிலமும் வெண்மையுமாய் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுவை மருந்தடித்துக் கொல்லாதீர்கள். சில நாளில் அது பச்சைப் புழுவாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பொன்றை நீட்டி, கடுநெடியொன்றைக் கக்கி உங்களை மிரட்டும். பின்பு கூடாகி, கரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துவிடும். மரம் பெரிதானால் அது தின்பது உங்கள் குழம்புக்குக் குறையாகாது. கன்று சிறிதானால் புழுவை இலையோடு கிள்ளி அயலிலுள்ள பெரிய மரத்தில் விடுங்கள்.

வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் ஏற்றவை. இரண்டும் தடியாலேயே முளைப்பவை, இரண்டும் வீட்டு வைத்தியத்துக்கு உதவுபவை. முள்வேலி வேண்டுமென்பார், சிங்களத்தில் தெமட்ட எனப்படும் குமிழ்ச்செடியை நடலாம். மஞ்சட் பூக்கள் தொங்கும் அழகான செடி அது.

மரமொன்று வேண்டுமெனில், சிறு வளவுக்கு மகிழம் ஒன்றே போதும். வளர்ச்சி மந்தம், நிழல் அடர்த்தி, உதிர்ந்து காய்ந்த பின்னும் பூ மணக்கும். 1986இல் தேசிய விருட்சமாகப் பிரகடனம் செய்யப்பட்ட நாகமரத்தின் செந்தளிரில் மயங்கி அதை ஜன்னலடியில் நடுவோரும், ஆற்றங்கரைக்குரிய நீர்மருதை வடிகாலோரம் நடுவோரும் தம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழக்கை விட்டுச் செல்கிறார்கள். இரண்டும் மாபெரும் மரங்கள். விசாலமான நிலமில்லாதார் அவற்றைக் கோயில் வளவிலோ பாடசாலை மைதானத்திலோ நட்டு மகிழ்வதே முறை.

நீர் வடியாத மூலை ஓர் அதிர்ஷ்டம். வல்லாரை, பொன்னாங்காணி, நீர்ப்பிரம்மி மூன்றும் அங்கே யாருடைய தயவுமின்றிப் படரும். அவற்றின் நடுவே, இத்தீவையன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத ஹீன் போவிட்டிய என்னும் குறுஞ்செடியை நட்டால் ஊதா மலர்களால் அம்மூலை விசேஷ சோபை பெறும். நாற்றுக்கடையில் அதைச் சிங்களப் பெயராற் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பத்தரமுல்லையில், தியத்த உயனவிலும் அதையண்டிய வீதிகளிலும் நாற்றுக்கடைகள் பலவுண்டு. காட்டிலிருந்தும் சதுப்பிலிருந்தும் செடியைப் பிடுங்கி வருவதை மாத்திரம் செய்யாதீர்கள்; 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பல இனங்கள் காப்புப் பெற்றவை. கால்வாய்க்கரை ஒதுக்குநிலமும் அரசுக்குரியது. அனுமதியின்றி அங்கே நடுதல் கூடாது.

கொடிகளில் இரண்டைக் குறிப்பிட்டு மேலே செல்வேன். கார்த்திகைப்பூவின் கிழங்கை ஆவணிக் கடைசியில், வடிகாலுள்ள மண்ணில் மூன்று அங்குல ஆழத்தில் கிடையாக வைத்தால், பெயருக்கேற்ற மாதத்திலே பூக்கும். தையில் கொடி பட்டுப்போவதைக் கண்டு செத்ததென்று கிண்டாமல், நீரை நிறுத்தி உறங்கவிடுங்கள். ஈசுரமூலிக் கொடியை நட்டால் செந்நிற உடலுடைய ரோஜா வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். இரண்டும் நஞ்சு என்பதைக் கீழே மீண்டும் சொல்வேன்.

நடும் முறை

1. வாங்கிவந்த கன்றை ஒரு வாரம் நிழலில் வைத்து, வீட்டுக் காற்றுக்குப் பழக்குங்கள்.
2. பையின் அகலத்தைப் போல் இருமடங்கு அகலமாகக் குழி தோண்டுங்கள். ஆழம் பையளவே இருக்கட்டும். ஆழக் குழியில் இட்ட மண் பிறகு அமிழ்ந்து, தண்டைச் சுற்றிக் குளமாகும்.
3. பொலித்தீன் பையைக் கத்தியாற் கீறி முற்றாக அகற்றுங்கள். அடியில் வேர் கயிறுபோல் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் சில ஆண்டுகள் நன்றாயிருந்து, ஒரு வைகாசிக் காற்றில் அடியோடு சாயும்.
4. கிண்டிய மண்ணில் மூன்றிலொரு பங்கு கூட்டெரு கலந்து நிரப்புங்கள். இரசாயன உரம் இப்போது வேண்டாம்.
5. கன்றின் கழுத்து, சுற்று மண்ணைவிட ஓரங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.
6. காற்று வரும் மேற்குப் பக்கத்தில் தடியொன்றை ஊன்றித் தும்புக் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். ஆறு மாதத்தில் அவிழ்த்துவிடுங்கள்.
7. சருகை இரண்டங்குலம் பரப்புங்கள். தண்டில் முட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள்.

தொடர்மாடியில் வசிப்போருக்கு

நிலமில்லாதார் மனந்தளர வேண்டாம். வெட்சி, கறிவேப்பிலை, வல்லாரை, கார்த்திகைப்பூ நான்கும் சாடியில் நன்கு வளரும். செம்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்பது பொதுவான கலவை. தும்புத்தூளை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்கியபின் சேருங்கள். கடல்மணலைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பழைய பெயின்ட் வாளியாயின் அடியில் மட்டுமன்றி, அடியிலிருந்து ஓரங்குலம் மேலே பக்கத்திலும் நான்கு துளைகள் இடுங்கள். அடித்துளை அடைபட்டாலும் நீர் வெளியேறும்.

பாரத்தை மறந்துவிடுவோர் அநேகர். ஈர மண் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. நாற்பது லீற்றர்ச் சாடி அறுபது கிலோவாகும், அதாவது ஓர் ஆள் எப்போதும் பல்கனியில் நிற்பதற்குச் சமம். பெரிய சாடிகளைத் தூண் அல்லது உட்சுவர் ஓரமாக வையுங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் எந்தச் சாடியையும் வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் அது கீழே போகிறவர் தலையில் விழும்.

நீர்த்தொட்டியும் நுளம்பும்

நீலோற்பலத்துக்கென்று தொட்டி வைக்க விரும்புவோர் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, நீலமானல் என்ற அதன் சிங்களப் பெயரில் விற்கப்படும் கடும் ஊதாநிறப் பூ பெரும்பாலும் கலப்பினம். உண்மையான சுதேச மலர் மெல்லிய வெளிர்நீலம். இரண்டாவது, டெங்கு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, உங்கள் வளவில் நுளம்பு பெருகுமாயின் நீதிமன்றப் படியேற நேரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் செடிப் பிரியம் செல்லாது.

தொட்டியில் மீன் கட்டாயம். கப்பி மீன் எளிதிற் கிடைக்கும்; ஆனால் அது பிற தேசத்தது, மிஞ்சியதைக் கால்வாயில் கொட்டாதீர்கள். சாடிகளின் அடித்தட்டை அகற்றிவிடுவதே நலம். வைத்தே ஆகவேண்டுமென்றால் மணலால் நிரப்புங்கள். தாழையின் இலைக்கவட்டில் தேங்கும் நீரை வாரமொரு முறை குழாயால் பீய்ச்சி அகற்றுங்கள். கூரைப் பீலியைச் சித்திரையிலும் புரட்டாசியிலும் துப்புரவு செய்யுங்கள்.

தொட்டிக்கு அழகென்று ஆகாயத்தாமரையை எவரேனும் தந்தால் வாங்காதீர்கள். 1905இல் அலங்காரச் செடியாக இத்தீவுக்கு வந்த அதை ஒழிப்பதற்கென்றே 1909இல் தனியொரு கட்டளைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்றும் கால்வாய்களில் அதன் ஆட்சிதான். தரை மூட நடும் சிங்கப்பூர் டெய்சியும் அந்த ஜாதியே.

நஞ்சும் வேறு அபாயங்களும்

கார்த்திகைப்பூவின் சகல பாகமும், விசேஷமாகக் கிழங்கு, உயிர்கொல்லி. வள்ளிக்கிழங்கென்று எண்ணி உண்டு மாண்டோருண்டு; கிழங்கை உணவுப் பொருளோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கையுறையின்றித் தொடாதீர்கள், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நடவே வேண்டாம். ஈசுரமூலி பழைய வைத்தியத்தில் வழங்கியதாயினும் சிறுநீரகத்தைக் கெடுப்பது என்று இன்று தெளிவாயிருக்கிறது, வண்ணத்துப்பூச்சிக்கு விட்டுவிடுங்கள். சிங்களப் பெயர் ‘கதுரு’ என்று முடியும் எந்த மரத்தின் காயையும் வாயில் வைக்கலாகாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இருண்டு முதல் இடி கேட்டவுடன், கையிலுள்ள மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். மொட்டைமாடித் தோட்டக்காரர் இதில் அலட்சியமாயிருப்பது ஆபத்து. மின்கம்பியைத் தொடும் கிளையை நீங்களே வெட்ட முயலாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. 2016 வைகாசியில் களனி கங்கை பெருகி, அயலிலுள்ள கொலன்னாவை நீரில் மூழ்கியது. தாழ்நிலத் தோட்டக்காரர் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். நீர் வடிந்ததும் ஆவலோடு இறங்கிவிடாமல் இவ்வரிசையிற் செய்யுங்கள்.

1. முழங்கால் வரை உயர்ந்த றப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள். கைகாலில் காயமிருப்பவர் இறங்கவே வேண்டாம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கும். இரண்டொரு வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தசை நோவும் கண்டால், சேற்றில் இறங்கியதைச் சொல்லி வைத்தியரைக் காணுங்கள்.
2. கல்லடுக்கையும் சருகுக் குவியலையும் முதலில் நீண்ட தடியால் கிளறுங்கள். வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாம்பு அங்கேதான் இருக்கும்.
3. செடிகளின் அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்து, பழைய கழுத்து மட்டத்தைத் திறந்துவிடுங்கள். இலைமேல் காய்ந்த சேற்றைச் சுத்தமான நீரால் கழுவுங்கள்.
4. மண்ணை உடனே கொத்தாதீர்கள். ஈரக்களியைக் கொத்தினால் அது கல்லாகிவிடும். காலடி புதையாத அளவுக்குக் காயவிட்டு, முள்ளுக்கரண்டியால் மேலாகக் கிளறுங்கள்.
5. வாடி நிற்கும் வெட்சிக்கும் கறிவேப்பிலைக்கும் உரமிடாதீர்கள். வேர் இளைத்திருப்பதால், இலைப்பாரத்தில் மூன்றிலொன்றை வெட்டிக் குறைத்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள்.
6. வல்லாரையையும் பொன்னாங்காணியையும் வேரோடு பிடுங்கி எறியுங்கள். மலக்குழி நீர் கலந்த வெள்ளத்தில் நின்ற கீரையைக் கழுவிச் சம்பல் போடலாம் என்ற யோசனைக்கு இடங்கொடாதீர்கள். மேலே மூன்றங்குல மண்ணை அகற்றிப் புதுமண்ணும் கூட்டெருவும் இட்டு, வெள்ளம் தொடாத சாடியிலிருந்து எடுத்த கொடியை நடுங்கள். இதற்காகவே ஒரு சாடி வல்லாரையை எப்போதும் மேல்மாடியில் வைத்திருப்பது நல்லது.